காலி நிலத்துக்கு வாடகை

கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களும் ஹாஸ்டல்களும் நெருக்கியடிக்கும் அமீர்பேட்டிலிருந்து சுமார் 30 கி.மீ. போனால் மொய்னாபாத். வார இறுதியில் தங்க வாடகைப் பண்ணை வீடுகள், சைக்கிள் மிதிக்கக் கிராமத்துச் சாலைகள், வழியில் அஜீஸ் நகரில் குதிரைச் சவாரி.

இந்த அமைதி தானாக வந்ததல்ல. 1908இல் மூசி ஆற்று வெள்ளம் ஹைதராபாதைச் சூறையாடிய பிறகு கட்டப்பட்டவை உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள். அவற்றைக் காக்க, சுற்றியுள்ள 84 கிராமங்களில் தொழிற்சாலைகள், பெரிய ஓட்டல்கள், குடியிருப்புகளுக்கு 1996இல் அரசாணை 111 தடை விதித்தது. நிலத்துக்கு விலை கிடைக்கவில்லை என்று விவசாயிகள் பொருமினார்கள். 2022இல் தடையைத் தளர்த்த அரசு ஆணையிட்டது. விவசாயிக்கு நிம்மதி. ஆனால் விருந்தாளி தேடி வருவது காலி நிலத்தை. அவருக்காக எழும் ஒவ்வொரு வீடும் அதைத்தான் விழுங்குகிறது.