வாடகை வீட்டு முல்லை

சென்னை நங்கநல்லூரில் பழைய தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடியாகிக்கொண்டிருக்கின்றன. அப்படியொரு வீட்டில் 11 வருடம் குடியிருந்த குடும்பத்துக்கும் ஓர் ஆகஸ்ட் மாதம் முறை வந்தது. "பிளாட் கட்டக் கொடுத்துட்டேம்மா, மூணு மாசத்துல வேற இடம் பார்த்துக்கோங்க" என்றார் வீட்டுக்காரர்.

பீரோவும் ஃபிரிட்ஜும் லாரியில் ஏறிவிடும். வாசல் தூணைப் பிடித்து மொட்டைமாடி வரை போயிருந்த முல்லைக்கொடி எப்படி ஏறும்?

கொடியை வைத்தது அவர்கள் இல்லை, வீட்டுக்காரரின் அம்மா. அந்தப் பாட்டி போன பிறகு தண்ணீர் விட்டதும் எரு போட்டதும் குடியிருந்த வீட்டம்மாதான். ஜனவரி கடைசியில் கவாத்து செய்வதையும் அவரே கற்றுக்கொண்டார். மல்லிகைக்கு நவம்பர் கடைசி, பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி என்பது பூ விவசாயிகளின் கணக்கு. புதுத் தளிரில்தான் பூ வரும். பாவம் பார்த்து வெட்டாமல் விட்டால் கொடி இலையாகவே அடர்ந்துவிடும்.

"வேரோட தோண்டி எடுத்துட்டுப் போயிடலாமா?" என்றார் மாமியார். நர்சரிக்காரர் தலையை ஆட்டிவிட்டார். "இத்தனை வருஷக் கொடி, பிடுங்கினா பிழைக்கிறது கஷ்டம்மா. பதியம் போடுங்க. ஆனா வேர் பிடிக்க மூணு மாசம், சமயத்துல நாலு மாசம்கூட ஆகும்."

வீட்டுக்காரர் கொடுத்த கெடுவும் மூன்று மாதம்தான். மறுநாளே வேலை ஆரம்பித்தது.

செம்மண், மணல், மக்கிய சாண எரு கலந்து மூன்று தொட்டிகளை நிரப்பினார். தரையோரம் படர்ந்திருந்த, பென்சில் கனமுள்ள முற்றிய கிளைகளாக மூன்றைத் தேர்ந்தெடுத்தார். கணுவுக்குக் கீழே கத்தியால் லேசாகச் சாய்த்துக் கீறி, அந்த இடம் மண்ணுக்குள் இருக்கும்படி கிளையை வளைத்துப் புதைத்தார். எழும்பாமலிருக்க மேலே ஒரு கல். நுனி மட்டும் வெளியே, குச்சியில் கட்டியபடி. பதியத்தின் சௌகரியமே இதுதான்: வேர் விடும் வரை தாய்க்கொடியே சாப்பாடு போடும். மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்தப் 'போதும்'தான் சிரமம். வேர் வந்துவிட்டதா என்று விரலால் கிளறிப் பார்க்கப்போன பேரனை மாமியார் விரட்டினார்: "தினம் தோண்டிப் பார்த்தா அது எப்படிடா வேர் விடும்?" சங்க இலக்கியத்தில் முல்லைத் திணைக்கு உரிய பொருள் காத்திருத்தல். பொருத்தமான பூவுக்குத்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள்! பாரி வள்ளலிடம் முல்லை படரத் தேர் இருந்தது. வாடகை வீட்டுக்காரர்களிடம் நைலான் கயிறுதானே உண்டு.

அக்டோபர் கடைசியில் புது வீடு தயார், வேர் தயாரில்லை. மெல்ல இழுத்துப் பார்த்தால் கிளை தளர்வாக அசைந்தது. "இன்னும் மூணு வாரம் கொடுங்க சார்" என்று கேட்டார் வீட்டம்மா. காரணத்தைச் சொல்லவில்லை. மழை நேரத்தில் சாமான் ஏற்றக் கஷ்டம் என்று அவராகவே நினைத்துக்கொண்டு சரி என்றார் வீட்டுக்காரர்.

மழைத் தண்ணீர் தேங்கி ஒரு தொட்டி அழுகிவிட்டது. நவம்பர் நடுவில் மற்ற இரண்டிலும் இழுத்துப் பார்த்தால் கிளை வரவில்லை. வேர் பிடித்துவிட்டது. தாய்க்கொடிப் பக்கம் கத்தரித்து, ஒரு வாரம் அங்கேயே நிழலில் வைத்திருந்து, அதன்பிறகுதான் லாரிக்குச் சொன்னார்கள்.

சாவி கொடுக்கும் நாளில் வீட்டுக்காரர் தூணருகே நின்று அண்ணாந்து பார்த்தார். "அம்மா வெச்சது..." என்றார். வேறொன்றும் பேசவில்லை. வீட்டம்மா ஒரு தொட்டியைத் தூக்கி அவர் காரில் வைத்தார். கட்டடம் முடியும் வரை அவரும் வாடகை வீட்டில்தான் இருக்கப்போகிறார்.

இன்னொரு தொட்டி இப்போது இரண்டாவது மாடி பால்கனியில். மதியத்துக்கு மேல் நல்ல வெயில். அந்த ஜனவரியில் பெரிய கவாத்து இல்லை, இளங்கொடி என்பதால் நுனியை மட்டும் கிள்ளிவிட்டார். மாதம் ஒருமுறை கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. சித்திரை முழுக்க ஒரு மொட்டும் இல்லை. ஆனியில் ஒருநாள் 17 மொட்டு. ஒரு முழத்துக்குக் காணாது. கடையில் வாங்கிய கதம்பத்தின் நடுவே அதையும் வைத்துக் கட்டினார் மாமியார்.

அந்த வாரமே வீட்டுக்காரரிடமிருந்து போன். "இலையா வருதும்மா, பூவே காணோம். என்ன உரம் போடணும்?"

"எங்க சார் வெச்சிருக்கீங்க?"

"ஹால்லதான், டி.வி. பக்கத்துல. அம்மா போட்டோ அங்கதான் இருக்கு."

"உரமெல்லாம் அப்புறம் சார். முதல்ல வெயிலுக்குத் தூக்கி வைங்க."