யார் சேர்த்த காசு?

காப்புறுதி முகவரைக் கண்டால் ஒதுங்கிப் போவது நம் தலைமுறையின் பழக்கம். எம்ஆர்டி வாசலில் ஒருத்தர் சிரித்தபடி நின்றாலே கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வோம். அப்பா அப்படியில்லை. கப்பல் பட்டறைச் சம்பளத்தில் மாதாமாதம் என்டியுசி இன்கமுக்குச் சந்தா கட்டினார். "எனக்கு ஒண்ணுன்னா நீங்க யார்கிட்டயும் கை நீட்டக்கூடாது" என்பார்.

அந்த எண்ணத்துக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. 1969இல் என்டியுசி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஒரு கருத்தரங்கு நடத்தியது. தொழிலாளர்களுக்காகக் கூட்டுறவுக் காப்புறுதி தொடங்கலாம் என்று டாக்டர் கோ கெங் சுவீ அங்கே யோசனை சொன்னார். அடுத்த ஆண்டே இன்கம் பிறந்தது.

2022இல் கூட்டுறவு, நிறுவனமாக மாறியது. ஏறக்குறைய 2 பில்லியன் வெள்ளி உபரியும் கூடவே போனது. 2024 ஜூலையில் ஜெர்மனியின் அலியான்ஸ், குறைந்தது 51 விழுக்காட்டுப் பங்கை 2.2 பில்லியன் வெள்ளிக்குக் கேட்டது. வாங்கிய பின் சுமார் 1.85 பில்லியனைப் பங்குதாரர்களுக்குத் திருப்பித் தரும் திட்டமும் அதில் இருந்தது. அக்டோபரில் அரசாங்கம் தடுத்தது. டிசம்பரில் அலியான்ஸ் விலகிக்கொண்டது.

செய்திகளைப் படிக்கும்போது 'உபரி' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். அது எங்கிருந்தோ வந்த பணமில்லை. ஐம்பது வருஷமாக டாக்சி ஓட்டுநர்களும் துப்புரவாளர்களும் பட்டறைக்காரர்களும் கட்டிய சந்தா அதில் இருக்கிறது. அவர்களில் பலர் ஒரு தடவைகூட இழப்பீடு கேட்டிருக்க மாட்டார்கள். நிறுவனர்கள் யார் என்று எழுதும்போது அவர்களையும் சேர்த்து எழுதணும்னு தோணுது.