இஞ்சி மணக்கும் சின்ன வீடு

திருக்குர்ஆனில் 'அல் இன்ஸான்' என்னும் 76ஆவது அத்தியாயத்தின் 17ஆவது வசனத்தை மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கும்போது, 'ஸஞ்ஜபீல்' என்ற சொல்லருகே நான் சற்று நின்றுவிடுவதுண்டு. சுவனவாசிகள் அருந்தும் பானத்தில் கலந்திருப்பது அது. ஸஞ்ஜபீல் என்றால் இஞ்சி. நம் 'இஞ்சி வேர்' என்ற சொல்லே பாலியில் 'சிங்கிவேர' ஆகி, கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்' ஆகி, பல மொழிகளைக் கடந்து அரபியில் ஸஞ்ஜபீலாகவும் ஆங்கிலத்தில் ஜிஞ்சராகவும் நிலைபெற்றது என்பது மொழிநூலார் பலர் ஏற்கும் கருத்தாகும்.

ஆகவே 'ஜிஞ்சர்பிரெட் வீடு' என்றவுடன், அது வெள்ளைக்காரர் வீட்டு வேடிக்கை, நமக்கென்ன என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். இஞ்சித்தூள் கலந்த இனிப்பு மாவைப் பலகை பலகையாகச் சுட்டெடுத்து, சுவராகவும் கூரையாகவும் நிறுத்திப் பாகினால் ஒட்டி, மிட்டாய் பதித்துச் சிறுவர்கள் கட்டும் வீடு அது. மலபார்க் கரையிலிருந்து அரபு வணிகர்கள் கொண்டுசென்ற வாசனைப் பொருட்கள் அலெக்சாந்திரியா, வெனிஸ் வழியாக ஜெர்மனியின் நூரெம்பர்க்கை அடைந்தன. அந்நகரத்து ரொட்டிக்காரர்கள் காட்டுத் தேனில் அவற்றைக் குழைத்துப் பெயர் பெற்றார்கள். 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதைத் தொகுப்பில், பெற்றோரால் காட்டில் விடப்பட்ட இரு பிள்ளைகள் பசியோடு அலைந்து ஒரு தின்பண்ட வீட்டைக் காண்கிறார்கள். மூலக் கதையில் அது ரொட்டிச் சுவரும் கேக் கூரையும் சர்க்கரைச் சன்னலும் உடைய வீடு. இஞ்சி பிற்பாடு வந்து சேர்ந்தது!

நார்வே நாட்டின் பெர்கன் நகரில் 1991இல் தொடங்கி, மழலையர் பள்ளிப் பிள்ளைகளும் குடும்பத்தாரும் செய்யும் வீடுகளை ஒன்றுசேர்த்து ஒரு நகரத்தையே அமைக்கிறார்கள். 2009இல் யாரோ அதை நொறுக்கிவிட்டார்கள். ஊரார் மீண்டும் சுட்டுக் கட்டிவிட்டனர். அங்கே கிறிஸ்துமஸ் காலத்து வழக்கம் இது. நாங்கள் செய்தது பண்டிகைக்கன்று, பள்ளி விடுமுறைக்கு.

செய்முறை கடினமன்று. ஒரு கோப்பைப் பொடித்த வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அரைக் கோப்பை நெய்யைக் கலந்து ஆறவிடுங்கள். மூன்று கோப்பை மைதா, இரண்டு தேக்கரண்டி சுக்குத்தூள், சிறிது பட்டை கிராம்புத்தூள் சேர்த்துக் கெட்டியாகப் பிசையுங்கள். சோடா உப்பு வேண்டாம். மாவு உப்பினால் ஓரங்கள் வளைந்து சுவர்கள் ஒன்றோடொன்று பொருந்தா. ஒரு மணி நேரம் மூடி வைத்து, சப்பாத்தியைப் போல் மூன்று மடங்கு தடிப்பாகத் தேய்த்து, அட்டையில் வெட்டிய மாதிரியை மேலே வைத்துக் கத்தியால் அறுக்க வேண்டும். அடுப்புப் பெட்டி இல்லாதோர் கவலற்க. தம்ரூட் சுடத் தெரிந்த கைகளுக்கு இது பெரிய வேலையா? அடிகனத்த பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடேற்றி, உள்ளே தட்டை வைத்து மூடிச் சிறுதீயில் சுட்டால் போதும். எடுத்தவுடன் மெத்தென்றுதான் இருக்கும். ஆறிய பின்பே பலகைபோல் இறுகும்.

ஒட்டுவதற்குச் சர்க்கரைப் பாகு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டெடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று ஒலிக்க வேண்டும். இந்த வேலை மட்டும் பெரியவர்களுடையது. கொதிக்கும் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். மற்ற அனைத்தையும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். ஆண்பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று கேட்கும் பாட்டிமார்கள் நம் வீடுகளில் இன்னமும் உண்டு. அவர்களையும் பொட்டுக்கடலை பதிக்க உட்கார வைத்துவிடுங்கள், கேள்வி அடங்கிவிடும்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எங்கள் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் உயர்ந்து ரயில்கள் நிறுத்தப்பட்டன. விழுப்புரத்தில் என் தங்கை வீட்டினுள்ளும் இரவோடிரவாக நீர் புகுந்தது. அவளுடைய எட்டு வயது மகனும் ஐந்து வயது மகளும் கட்டிலின் மேல் நாற்காலி போட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்களாம். விடுமுறைக்கு எங்கள் வீட்டிற்கு வந்தபோது சின்னவள் அதைக் கதைகதையாகச் சொன்னாள். பையன் வாயே திறக்கவில்லை. யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவான்.

அவ்விருவரோடும்தான் பிஸ்மில்லாஹ் சொல்லி மாவு பிசைந்தோம். சுவர்கள் ஆறியதும் நான் பாகுடன் வந்தேன். அவன் தட்டை மறைத்துக்கொண்டு, அறுத்தெடுத்த மிச்சத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா, எவ்ளோ ஒசரம் இருந்தா தண்ணி வராது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. "உனக்கு எவ்வளவு வேணும்னு தோணுதோ அவ்வளவு வைப்பா" என்றேன்.

நான்கு அடுக்கு வைத்தான். அதன்மேல்தான் சுவர் எழும்பியது. சின்னவள் வேர்க்கடலையால் படிகள் கட்டினாள். கூரையை ஒட்டுமுன் உள்ளே ஒரு சிறு பரண் வேண்டுமென்றான். எதற்கென்று கேட்டதற்கு, "புக்கு வைக்க" என்றான். பிறகு, யாரும் கேளாமலே, தன் பள்ளிப்பை மிதந்து வாசலைத் தாண்டிப் போனதையும், அத்தா இடுப்பளவு நீரில் இறங்கி அதைப் பிடிக்கப் போனதையும், அத்தா திரும்பி வரமாட்டாரோ என்று தான் நினைத்ததையும், பாகு இறுகும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தான். வாசற்படியில் நின்ற என் தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மகன் அப்படி நினைத்தது அவளுக்கு அன்றுவரை தெரியாது.

மார்கழி ஈரக்காற்றில் வெல்லம் கசியத் தொடங்கி, மூன்றாம் நாள் கூரை சரிந்தது. பிள்ளைகள் கூரையைத் தின்றார்கள், சுவரைத் தின்றார்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்பினோம். மேடையைத் தொட மட்டும் அவன் யாரையும் விடவில்லை. ஊர் திரும்பும் நாளில் அதை ஓர் எவர்சில்வர் டப்பாவில் வைத்து, விழுப்புரம் பேருந்தில் மடியிலேயே கொண்டு சென்றான்.