சத்தம் போடாத கயிறு

டேட்டா பைண்டிங்னா என்னன்னு பொட்டி தட்டாத மக்கள் கேட்டா நான் சொல்றது இதுதான்: திரையில இருக்குற கட்டத்தையும் உள்ள இருக்குற தகவலையும் ஒரே கயித்துல கட்டி வைக்கிறது. ஒண்ணு அசைஞ்சா இன்னொண்ணும் அசையும்.

அது இல்லாத காலத்துல ஒவ்வொரு டெக்ஸ்ட் பாக்ஸுக்கும் போட ஒரு வரி, எடுக்க ஒரு வரி. நாப்பது கட்டம்னா எண்பது வரி! அதனால 2006ல டபிள்யூ.பி.எஃப். வந்தப்போ ஒரே குஷி :-)

ஆனா பாருங்க, இந்தக் கயிறு அறுந்தா சத்தமே வராது. பிராப்பர்ட்டி பேர்ல ஒரு எழுத்து மாறினா கம்பைலர் திட்டாது, புரோகிராமும் விழாது. கட்டம் மட்டும் காலியா நிக்கும். எங்க டீமுக்குப் புதுசா வந்த தம்பி, சம்பளத் திரையில பிடித்தம் வரலைன்னு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் டேட்டாபேஸைத் தோண்டினான். "இந்த வேலை எனக்கு லாயக்கில்லைண்ணே"ன்னுட்டான். விஷயம் அவுட்புட் விண்டோவுல ஒத்தை வரியா கெடந்துச்சு.

2010ல வந்த ஆங்குலர்ஜேஎஸ்ல வேற கூத்து. இருபக்கமும் கட்டினதால ஒரு மாற்றம் இன்னொண்ணைக் கிளப்பும், அது மறுபடி இதைக் கிளப்பும். பத்து சுத்துக்கு மேல போனா அதுவே பிழை சொல்லி நிறுத்திடும். 2013ல வெளிவந்த ரியாக்ட், தகவல் மேலிருந்து கீழதான் போகணும்னு ஒருவழிப் பாதை ஆக்கிடுச்சு. கூடுதலா நாலு வரி எழுதணும். ஆனா யார் மாத்தினாங்கன்னு தெரியும். என் ஓட்டு அதுக்குத்தான்.

டபிள்யூ.பி.எஃப்.ல இன்னும் இருக்குறவங்களுக்கு: விஷுவல் ஸ்டுடியோவுல இப்போ பைண்டிங் பிழைகளுக்குன்னே தனி விண்டோ இருக்கு. கட்டம் காலியா இருந்தா முதல்ல அங்க பாருங்க மக்கா. புதுசா வர்ற பசங்களுக்கும் முதல் நாளே காட்டிடுங்க.