காபித் தோட்டத்தில் விருந்தினர் அறை... எதை வாங்கலாம், எதை விடலாம்?

சேலம் கோரிமேட்டைத் தாண்டினால் ஏற்காடு அடிவாரம். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வெயிலில் காய்ந்து நிற்கும் மூங்கில் புதர்கள் மெல்ல மறைய, மேலே போகப் போக சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும், நிழலில் காபிச் செடிகளும் தெரியத் தொடங்கும். சுமார் 5,000 அடி உயரம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர்.

ஏரியைச் சுற்றி ஓட்டல்களும் லாட்ஜுகளும். அதைத் தாண்டி உட்கிராமச் சாலைகளில் போனால், தோட்டத்துக் கேட்டுகளில் 'ஹோம் ஸ்டே' பலகைகள் தென்படும். காரணம் எளிது. காபி வருடத்துக்கு ஒரு முறைதான் காசு தரும். மிளகும் அப்படியே. பூ மழை தவறினாலோ, விலை இறங்கினாலோ அந்த ஒரு வரவும் குறையும். பிள்ளைகள் வேலைக்கு, படிப்புக்கு என்று வெளியூர் போன பிறகு பூட்டிக் கிடக்கும் ஓர் அறையை சனி, ஞாயிறில் வாடகைக்கு விட்டால் மாதச் செலவுக்காவது ஆகும் என்று ஒரு சிறு விவசாயக் குடும்பம் நினைப்பது நியாயம்தான்.

ஆனால், அந்த அறைக்குப் பொருள் வாங்கும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். பெரிய டி.வி., சோபா செட், கண்ணாடி டீப்பாய் என்று கடன் வாங்கிப் போடுகிறார்கள். வந்தவர்களோ மெத்தை ஈரமாக இருக்கிறது, வெந்நீர் பாதியில் நின்றுவிட்டது என்று குறை சொல்லிவிட்டுப் போகிறார்கள். தோட்டத்து வீட்டைத் தேடி வருபவர்களுக்கு வேண்டியவை நல்ல தூக்கம், சூடான குளியல், சுத்தமான கழிப்பறை, வீட்டுச் சாப்பாடு. முதல் பணம் இவற்றுக்குப் போக வேண்டும். மிச்சம் இருந்தால் மற்றவை.

படுக்கைக்கு நான்கு செட்

ஒரு கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு வேண்டும் என்பது விடுதி நடத்துபவர்களின் பொதுக் கணக்கு. ஒன்று கட்டிலில், ஒன்று துவைக்க, ஒன்று அலமாரியில். ஏற்காட்டில் இந்தக் கணக்கு போதாது. ஆடி தொடங்கி கார்த்திகை வரை சாரலும் மூடுபனியும் மாறி மாறி வரும். கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் சில்லென்றே இருக்கும். அதனால் மலையில் நான்கு செட் வைத்துக்கொள்வது நல்லது. காபிக் களத்துக்கு மேல் தகரமோ, ஒளி ஊடுருவும் ஷீட்டோ போட்ட கூரை இருந்தால், அதன் ஓரத்தில் ஒரு கொடி கட்டிவிட்டால் மழையிலும் துணி காயும்.

விரிப்பு எல்லாம் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில், ஒரே அளவில், பருத்தியில் இருக்கட்டும். ஒன்று கிழிந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சலவை ஒரே தண்ணீரில் முடியும். அழுக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். தங்க வருபவருக்கும் அதுதான் நம்பிக்கை. இதற்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. வீட்டு உபயோகத் துணிக்குப் பேர்போன கரூரும், போர்வைக்குப் பேர்போன சென்னிமலையும் சேலத்திலிருந்து போய்வரும் தூரத்தில்தான் இருக்கின்றன. தரைக்கு விரிக்க பவானி ஜமக்காளம் போதும். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. உதறி மடித்து வைத்துவிடலாம். மலை ஈரத்தில் தடிமனான கார்ப்பெட் போட்டால் பூஞ்சை வாடைதான் மிஞ்சும்.

இலவம்பஞ்சு மெத்தை சமவெளிக்கு அருமையானது. வெயிலே தலைகாட்டாத மாதங்களில் அது ஈரத்தை வாங்கி கட்டிகட்டியாகிவிடும். மலை வீட்டுக்கு கயிறு நார் மெத்தையோ, ஃபோம் மெத்தையோ ஏற்றது. அதன்மேல் தண்ணீர் இறங்காத உறை ஒன்றைக் கட்டாயம் போட வேண்டும். குழந்தைகளுடன் வரும் குடும்பங்கள்தான் அதிகம் என்பதால், அந்த உறை ஒரே வருடத்தில் தன் விலையை எடுத்துக் கொடுத்துவிடும். கட்டிலைச் சுவரை ஒட்டாமல் அரை அடி தள்ளிப் போட்டால் சுவரின் ஈரம் மெத்தைக்கு ஏறாது. ஆளுக்கு ஒரு கம்பளி, கூடவே அறைக்கு ஒன்று உபரி.

பிளைவுட் அலமாரி வாங்குவதைத் தவிர்க்கலாம். ஈரத்தில் உப்பிவிடும். சுவரில் ஐந்தாறு கொக்கிகள், ஒரு திறந்த அடுக்கு, பெட்டி வைக்க ஒரு பெஞ்சு இருந்தால் இரண்டு நாள் தங்குபவருக்குத் தாராளம். தோட்டத்து சில்வர் ஓக்கை அறுத்துச் செய்துகொள்ளலாமே என்று தோன்றும். ஏற்காட்டு மலைக்கு 1955-ம் ஆண்டின் மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அனுமதி வாங்காமல் சொந்த நிலத்து மரத்திலும் கை வைக்கக் கூடாது.

வெந்நீர் கணக்கு

மார்கழியில் ஏற்காட்டில் காலைக் குளியல் ஒரு சோதனை. 15 லிட்டர் கெய்சர் ஒரு முறை முழுக்கச் சூடானால், பச்சைத் தண்ணீர் கலந்து ஒரு வாளிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கிடைக்கும். அடுத்த முறை சூடாக அரைமணி நேரம் ஆகும். நான்கு பேர் குடும்பம் குளித்து முடிக்க இரண்டு மணி நேரம். நான்கு பேர் தங்கும் அறை என்றால் 25 லிட்டர் கெய்சர் வாங்குவதே சரி. காபி கவாத்துக் குச்சியும், நிழல் மரம் கழித்த விறகும் தோட்டத்திலேயே கிடைப்பதால், வீட்டுக்கு வெளியே ஒரு விறகு பாய்லர் வைத்துக்கொண்டால் மின் கட்டணமும் மிச்சம். கரன்ட் போனாலும் கவலையில்லை. சூரிய ஒளி ஹீட்டரை மட்டும் நம்ப முடியாது. வெந்நீர் அதிகம் தேவைப்படும் மூடுபனி நாள்களில்தான் அது கைவிடும்.

ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. கேஸ் கெய்சரைக் குளியலறைக்குள் பொருத்துவது உயிருக்கு ஆபத்து. அதேபோல குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுபோவதும் ஆபத்து. இரண்டிலும் வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெளியே தீ மூட்டி உட்கார இடம் அமைத்துக் கொடுத்து, அறைக்குள் நெருப்பு கூடாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

குளியலறையில் ஷவர் இருக்கிறதோ இல்லையோ, வாளியும் மக்கும் முக்காலியும் இருக்க வேண்டும். வழவழப்பான டைல்ஸ் வேண்டாம். சொரசொரப்பான தரை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வெஸ்டர்ன் டாய்லெட் மூன்றும் இருந்தால், மூட்டு வலிக்காரப் பெரியவர்களையும் தயங்காமல் அழைத்து வருவார்கள்.

மே மாதத்துத் தண்ணீர்

ஏற்காட்டுக்குக் கூட்டம் குவிவது ஏப்ரல், மே மாதங்களில். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் மே மாதத்தில்தான் வழக்கமாக நடக்கும். ஊற்றும் கிணறும் வற்றுவதும் அதே மாதங்களில். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசு கணக்கு வைக்கிறது. ஆறு பேர் தங்கினால் 810 லிட்டர். விரிப்பு துவைக்கும் தண்ணீர் தனி. காபிச் செடி பூத்துப் பிஞ்சு பிடித்திருக்கும் நேரத்தில் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது அறையைப் பற்றி யோசிக்க வேண்டும். லாரித் தண்ணீர் வாங்கி விருந்தினரைக் குளிக்க வைத்தால் வாடகையில் பாதி அதற்கே போகும்.

கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு தொட்டி, இரட்டை பட்டன் ஃப்ளஷ், குளியல் தண்ணீரை வாழைக்குத் திருப்ப ஒரு குழாய்... இந்த மூன்றும் சோபா செட்டைவிட விலை குறைவு. செப்டிக் டேங்க் கிணற்றுக்கும் ஊற்றுக்கும் மேல்பக்கச் சரிவில் இருக்கக் கூடாது. மலையில் எல்லாம் கீழ்நோக்கித்தான் இறங்கும். கீழே இருப்பது பக்கத்துத் தோட்டக்காரரின் குடிநீராக இருக்கலாம்.

வெளிச்சமும் காட்டெருமையும்

காற்று மழையில் மரம் சாய்ந்து கரன்ட் போவது மலையில் சாதாரணம். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரியில் உள்ள மின்சாரம் 1,800 வாட் மணி. அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டாலும், 100 வாட் சுமைக்கு 12 மணி நேரம் தாங்கும். நான்கு எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர்கள், வைஃபை பெட்டி எல்லாம் 100 வாட்டுக்குள் அடங்கும். கெய்சரை மட்டும் இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்க்கக் கூடாது. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் பிளக் பாயின்ட் வைக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும், சரியான எர்த்தும் கட்டாயம்.

சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. இரவில் காபிச் செடிகளுக்கு இடையில் நிற்பது தெரியாது. அறைக்கு ஒரு டார்ச், வாசலில் ஒரு விளக்கு, இருட்டிய பிறகு தோட்டத்துக்குள் இறங்கக் கூடாது என்ற எச்சரிக்கை மூன்றும் வேண்டும். பூச்சிக்கொல்லி, உரம், டீசல் வைத்திருக்கும் அறைக்குப் பூட்டு, கிணற்றுக்குக் கம்பி மூடி, கைக்கு எட்டும் இடத்தில் முதலுதவிப் பெட்டியும் தீயணைப்பானும் இருக்க வேண்டும். நகரத்துக் குழந்தைகளுக்குத் தோட்டத்தில் எதைத் தொடக் கூடாது என்று தெரியாது.

களம் யாருக்கு?

நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக்கு வண்டிகள் மலையேறுவதும் அப்போதுதான். பழுத்ததைப் பறிக்கவில்லை என்றால் உதிரும். ஆள் கிடைப்பதே அரிதான அந்த நேரத்தில், வீட்டுப் பெண்கள் ஒரு கையால் பறிப்பையும் மறுகையால் விருந்தினரையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அறைக்குள் பொருள் குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் பெருக்கி, துடைத்து, விரிப்பு மாற்றி முடிக்க முடிந்தால்தான் பறிப்பு கெடாது. தூசி தட்ட வேண்டிய அலங்காரப் பொருள் ஒவ்வொன்றும் தோட்டத்து வேலை நேரத்தைத் தின்னும்.

இடத்துக்கும் போட்டி வரும். வீட்டு முன்னால் சமமான இடம் என்பது பெரும்பாலும் காபி காயவைக்கும் களம்தான். வருகிற கார் அங்கேதான் நிற்கப் பார்க்கும். காபிக் கொட்டை சுற்றியுள்ள வாடையை இழுத்துக்கொள்ளும். டீசல் புகையும் எண்ணெய்ச் சொட்டும் பட்ட சரக்கின் தரம் இறங்கிவிடும். வண்டி நிறுத்த வேறு இடம் ஒதுக்கி, களத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டுவது முதல் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை. அந்தக் களத்தையே விருந்தினருக்குக் காட்டலாம். பழத்திலிருந்து டம்ளர் வரை காபி எப்படி வருகிறது என்பதைப் பார்க்கத்தான் பலரும் ஆசைப்படுகிறார்கள். சொந்தத் தோட்டத்துக் காபித்தூள், ஒரு பித்தளை ஃபில்டர், டவரா செட் அறையில் இருக்கட்டும். போகும்போது தூளும் மிளகும் கால் கிலோ, அரை கிலோவாக வாங்கிப் போவார்கள். பிளாஸ்டிக் கப்பும் தட்டும் கூடாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை.

கையில் நிற்பது எவ்வளவு?

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. ஓர் அறைக்கு இரவு வாடகை 1,500 ரூபாய், வருடத்தில் 80 இரவு நிரம்புகிறது என்றால் வரவு 1,20,000 ரூபாய். சலவை, மின்சாரம், கூலி, ஆன்லைன் கமிஷன், உடைந்தது கிழிந்ததை மாற்றுவது என்று மூன்றில் ஒரு பங்கு போனால் மிச்சம் 80,000. அறைக்கு 80,000 ரூபாய் செலவழித்தவருக்கு ஒரே வருடத்தில் போட்ட பணம் திரும்பும். நகையை அடகு வைத்து நான்கு லட்சம் போட்டவர் வட்டி இல்லாமலே ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மெத்தையையே மாற்ற வேண்டி வந்துவிடும். காலி அறையை மழைக்காலம் முழுவதும் திறந்து, துடைத்து, உலர்த்தி வைக்கும் உழைப்புக்கு இந்தக் கணக்கில் கூலி சேர்க்கவில்லை.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' திட்டத்தில் 1 முதல் 6 அறைகள் வரை பதிவு செய்யலாம். உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும். மாநிலச் சுற்றுலாத் துறையிலும், ஊராட்சியிலும், உணவு கொடுப்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையிலும் செய்ய வேண்டிய பதிவுகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டு மின் இணைப்பில் கட்டண வகை மாறுமா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் கேட்கலாம். வீட்டு உபயோக சிலிண்டரை வணிகச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஏற்காட்டில் புதுக் கட்டடம் கட்டுவதற்கு மலைப் பகுதிக் கட்டுப்பாடுகள் உண்டு. இருக்கும் வீட்டில் ஓர் அறையைச் சீர்செய்வது செலவிலும் அலைச்சலிலும் எளிது. தங்குபவர்களின் அடையாள அட்டை நகலை வாங்கி வைக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை அனுப்ப வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஓர் அறையோடு தொடங்கி, ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு பறிப்புக் காலம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். அதற்கு முன் வீட்டுக்காரர்களே அந்த அறையில் இரண்டு இரவு படுத்துப் பார்ப்பது நல்லது. எந்த சுவிட்ச் எட்டவில்லை, எந்த ஜன்னலில் குளிர்காற்று வருகிறது, வெந்நீர் எத்தனை வாளி வருகிறது என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலை அதற்குப் பிறகு எழுதலாம்.