ஏடு கட்டாத பால்

ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர்போன கொங்குச் சீமையில் ஹோமோஜெனைசர் ஓட்டிப் பிழைப்பது கொஞ்சம் வேடிக்கையான வேலைதான். அங்கே கடைந்து கடைந்து கொழுப்பைத் திரட்டுகிறார்கள். நாங்களோ அது மறுபடி திரளவே கூடாது என்று சிதறடிக்கிறோம்.

கலக்கினால் பால் கலந்துவிடும் என்றுதான் வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் நினைக்கிறார்கள். தொட்டியில் விசிறி சுற்றும்வரை சரி. நின்றால் கொழுப்பு மேலேறத் தொடங்கிவிடும். கொழுப்புத் துளியின் விட்டம் சராசரியாக 3, 4 மைக்ரான். அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மேலேறும் வேகமும் மாறும். 3.5 மைக்ரான் துளியை அரை மைக்ரானாக உடைத்தால் ஒரு துளி 343 துளிகளாகும், வேகம் 49-இல் ஒரு பங்காகிவிடும். பிரான்சின் ஓகுஸ்த் கோலன் 1899-இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் சூட்சுமம் இதுதான்: சூடான பாலை அழுத்தி, வால்வின் நூலிழை இடுக்கில் பீறிட வைப்பது.

முதல் கட்டத்தில் 150 முதல் 200 பார் வைப்போம். அடுத்த கட்டத்துக்கு 30, 40 போதும். இவ்வளவு சின்ன அழுத்தம் எதற்கு? உடைந்த துளிகளைப் போர்த்தப் பழைய உறை பத்தாது. பாலிலுள்ள கேசீன் புரதம் வந்து மூடவேண்டும். அதற்குள் துளிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கொத்தாகிவிடும். அந்தக் கொத்தைப் பிரிக்கத்தான் இரண்டாம் வால்வு. உடைத்த பாலைப் பாஸ்டரைஸ் செய்யாமல் விட்டாலும் வம்புதான். லைப்பேஸ் நொதி கொழுப்பைத் தின்று காறல் வாடை வரவைத்துவிடும்.

கேஜ் முள்ளைவிடக் காதைத்தான் நான் அதிகம் நம்புவேன். பாலோடு காற்று புகுந்தால் பம்ப் தட்டும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். வால்வு முகத்தில் தேய்ந்து கோடு விழுந்திருந்தால்தான் சிக்கல். முள் சரியாகவே நிற்கும், துளி மட்டும் பெருத்திருக்கும். 48 மணி நேரம் ஆடாமல் வைத்த பாட்டில்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

டீக்கடைக்காரர்களுக்கு எங்கள் பால் பிடிக்கும். துளிகள் பெருகி ஒளியை அதிகம் சிதறடிப்பதால், கொஞ்சம் குறைத்து ஊற்றினாலும் வெளுப்பு வந்துவிடுகிறது. குடிப்பவர்களுக்கு அதில் என்ன லாபமோ!

வீட்டுப் பெண்கள் கேட்பது வேறு. "ஏனுங்க, பால்ல ஏடே கட்டறதில்லீங்க, பவுடரு கலக்கறீங்களா?" ஸ்டாண்டர்டைஸ்டு பால் என்றால் 4.5 சதவீதக் கொழுப்பு அதற்குள்தான் இருக்கிறது, மேலே வர வழியில்லை என்பேன். தயிர் கெட்டியாக உறையும் என்பதையும் சொல்வேன். வெண்ணெய்க்கு மட்டும் இந்தப் பாலை வாங்காதீர்கள், கட்டுத்தரையில் கறந்ததை வாங்குங்கள் என்று நானே அனுப்பிவிடுவேன்.