எர்துருலுக்கு அறிவிப்பாளர் யார்?



நோன்பு விடுமுறையில் எங்கட பிள்ளைகள் பலர் எர்துருல் தொடரைப் பார்த்து முடித்திருக்கிறார்கள். மற்ற நாடகங்களை விட இது எவ்வளவோ மேல் என்று நாமும் சந்தோஷப்படுகிறோம். ஆனால் வகுப்பில் அதையே வரலாறாகச் சொல்கிறார்கள். அங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

2014 முதல் 2019 வரை அந்தத் தொடரை ஒளிபரப்பியது துருக்கியின் அரச தொலைக்காட்சி. 2020 நோன்பில், அப்போதைய பிரதமர் இம்ரான் கானின் விருப்பப்படி பாகிஸ்தான் அரச தொலைக்காட்சி அதை உருதுவில் போட்டது. அதே வருஷம் எகிப்தின் தாருல் இஃப்தா, துருக்கி இத்தகைய தொடர்கள் மூலம் செல்வாக்குத் தேடுகிறது என்று எச்சரித்தது.

2019இல் அமீரகக் கம்பனியொன்று தயாரித்து, சவூதியின் எம்.பீ.சீ.யில் வந்த 'மமாலிகுன் நார்' தொடரில் அதே உஸ்மானியர்கள் கொடுங்கோலர்கள். ஒரே வம்சம்தான்; அங்கே வீரர்கள், இங்கே வில்லன்கள்.

எர்துருல் வாழ்ந்த காலத்தை ஒட்டிய சான்று என்று பார்த்தால், மகன் உஸ்மானின் நாணயத்தில் உள்ள பெயரைத் தவிர அதிகம் இல்லை. ஐந்து சீசன்களில் மிச்சமெல்லாம் பிற்காலக் கதைகளும் கற்பனையும்.

ஒரு ஹதீஸைக் கேட்டால் அறிவிப்பாளர் யார் என்று பார்க்கும் சமூகம் நாம். நாடகத்துக்கும் அதைக் கேட்போம்: எடுத்தது யார்? காசு யாருடையது? நம்மை யார் பக்கம் சாய்க்கப் பார்க்கிறார்கள்?

பார்க்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளோடு கூட இருந்து பாருங்கள். இந்த மூன்று கேள்விகளையும் அவர்களிடமே கேளுங்கள்.